நள்ளிரவு வானொலியும் தோட்டத்தார் செவியும்

இரவு முழுதும் கண்விழித்துப் பேச்சுக் கேட்டல் தமிழர்க்குப் புதிய பழக்கமன்று. தெருக்கூத்து முன்னிரவில் தொடங்கினால் கிழக்கு வெளுத்த பிறகே முடியும். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படிப்பவர் பாட்டைச் சொல்லிப் பொருள் விரிக்க, ஊரார் நாள்கணக்கில் கேட்டிருப்பர். சிவராத்திரியும் வைகுண்ட ஏகாதசியும் உறங்காமையையே நோன்பாக்கின. கூத்தில் வரும் கட்டியங்காரன் இராசாவையும் கேலி செய்வான். ஊர்ப் பெரிய மனிதரையும் கேலி செய்வான். நடுச்சாமத்தில் அவன் சொல்லும் சொல்லைப் பகலில் வேறொருவன் சொன்னால் அடி விழும். அரசியலும், மெய்யியலும், பெரியோர் ஒப்பாத பண்பாடும் தமிழில் இரவைத் தமக்குரிய பொழுதாகக் கொண்டிருந்தன என்று சொன்னால் அது மிகையாகாது.

மலாயாவின் பால்மரத் தோட்டங்களுக்குச் சென்ற மக்கள் இப்பழக்கத்தையும் உடன்கொண்டே சென்றனர். தோட்டத்துக் கோயில் திருவிழா வந்தால் விடியுமட்டும் நாடகமும் பாட்டும் நடந்த காலம் ஒன்று உண்டு. எனவே, நள்ளிரவு தொட்டு விடியல்வரை அரசியலையும் தத்துவத்தையும் மாற்றுப் பண்பாட்டையும் ஒலிபரப்பும் சமூக வானொலி என்னும் ஏற்பாடு, பெயரால் மேனாட்டதாயினும், இயல்பால் தமிழர்க்கு அயலானதன்று. அவ்வாறிருந்தும் பேராக் மாநிலத்துத் தமிழர்க்கு அத்தகைய வானொலி ஒன்று ஏன் வாய்க்கவில்லை? வாய்க்குமாயின் அஃது எவ்வாறு இருத்தல் வேண்டும்? இவ்விரு வினாக்களையும் சிலிபினில் நின்று பார்த்தால் விடை தெளிவாகத் தெரியும்.

சிலிபின், ஈப்போ நகரை ஒட்டியது. அதனை அடுத்தது புந்தோங்; கடலை வறுத்தும் முறுக்குப் பிழிந்தும் பெயர்பெற்ற இடம். இப்பகுதியில் தமிழர் நெடுங்காலமாக நெருங்கி வாழ்கின்றனர். 1950-களிலும் 60-களிலும் வெள்ளையர் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோதும், பிறகு பால்மரம் போய்ச் செம்பனையும், செம்பனை போய் வீட்டுமனையும் வந்தபோதும், லயன் வீடுகளை விட்டு வெளியேறிய குடும்பங்கள் இத்தகைய நகரோரங்களையே நாடின. தோட்டத்தில் வேலை போனால் வீடும் போகும். வீடு வேலையோடு சேர்ந்தது. கோயிலும் பள்ளியும் பின்தங்கி நின்றன. பேச்சுப் பழக்கம் மட்டும் மக்களோடு வந்தது. அதற்கு உரிய களம் எது என்பதே இங்கு வினா.

முதலில் பொழுதைப் பற்றிச் சொல்லவேண்டும். ஏனெனில் இரவு வானொலி பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை. பால்மரம் விடியற்காலைக் குளிரில்தான் நன்றாகப் பால் சுரக்கும். வெயில் ஏற ஏற மரத்தினுள் நீரழுத்தம் குறையும். பால் ஓட்டம் தளரும். ஆகையால் மரம் வெட்டுவோர் நான்கு மணிக்கே எழுந்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளுக்குச் சோறு எடுத்து வைத்து, இருளிலேயே பிரட்டுக் களத்துக்குச் சென்று பெயர் கொடுப்பர். பின் தலைவிளக்கோடு நிரைக்குள் நுழைவர். அவர்கள் இரவு எட்டு, ஒன்பது மணிக்கே உறங்கியிருப்பர். பட்டினத்து அறிவாளிக்கு நள்ளிரவு விழிப்பின் உச்சம். தோட்டத்தாருக்கு அதுவே உறக்கத்தின் நடு. பட்டினத்தான் பேசி ஓய்ந்து விளக்கணைக்கும் நேரத்தில் தோட்டத்தாள் விளக்கேற்றுகிறாள். இரவு வானொலியின் கடைசி இரண்டு மணி நேரம் அவளுக்கு நாளின் முதல் இரண்டு மணி நேரம்.

இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு மேனாட்டு முன்மாதிரியை நோக்குவது நன்று. இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவரான லூயி ஹில் என்பார், 1949 ஏப்ரல் 15-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் கே.பி.எஃப்.ஏ. என்னும் நிலையத்தைத் தொடங்கினார். விளம்பரம் இல்லை, அரசாங்கப் பணமும் நோக்கமன்று, கேட்பவர் தரும் சந்தாவே ஆதாரம். அங்கே 1953 முதல் ஆலன் வாட்ஸ் என்பவர் கீழைநாட்டு மெய்யியலை வாரந்தோறும் பேசினார். புத்தரும் உபநிடதமும் பல்கலைக்கழக மதிலைத் தாண்டிச் சமையற்கட்டுக்கு வந்தன. அவ்வமைப்பின் கைக்கு 1960-இல் வந்த நியூயார்க் நிலையமாகிய டபிள்யூ.பி.ஏ.ஐ.-யில் 1963 முதல் பாப் ஃபாஸ் என்பவர் நள்ளிரவில் அமர்ந்து விடியுமட்டும் பேசினார். பல பத்தாண்டுகள் பேசினார். தொலைபேசியில் அழைக்கும் பலரை ஒரே வேளையில் இணைத்துவிட்டு, அவர்களை ஒருவரோடொருவர் பேசச் செய்தது அவர் செய்த புதுமை. பாடகர் வந்தனர், போர் எதிர்ப்பாளர் வந்தனர், தூக்கம் வராதவர், துணை இல்லாதவர், சாகத் துணிந்தவர்கூட அழைத்தனர். 1967 பிப்ரவரியில் அவர் விடுத்த அழைப்பைக் கேட்டு, விமானம் ஏற அல்லாமல் வெறுமனே ஒருவரையொருவர் பார்ப்பதற்கென்றே மக்கள் திரளாக ஒரு விமான நிலையத்தில் இரவிற் கூடினர்.

இது பெருஞ்செயலே. எனினும் அதன் கடிகாரம் மாணவர், கவிஞர், இசைவாணர் ஆகியோரின் கடிகாரம். அதனை அப்படியே எடுத்துச் சிலிபினில் நாட்டினால், நள்ளிரவு பன்னிரண்டுக்குக் கல்லூரி இளைஞர் சிலர் தமக்குள் பேசிக்கொள்ளும் வட்டமாகவே அது முடியும். பாப் ஃபாஸிடம் கற்கவேண்டியது அவர் தேர்ந்த நேரமன்று. கேட்பவனைப் பேசுபவனாக்கிய முறையாகும். பேராக்கின் சொந்த வரலாற்றில் இம்முறை இருந்ததா என்று தேடினால், எதிர்பாராத ஓரிடத்தில் கிடைக்கிறது.

ஈப்போவுக்குத் தென்மேற்கே பாப்பான் என்னும் பழைய ஈயச் சுரங்க ஊர் உள்ளது. சப்பானியர் மலாயாவைப் பிடித்தபின், ஈப்போவில் மருந்தகம் நடத்திய மருத்துவர் கார்த்திகேசுவும் அவர் துணைவியார் சிபில் கார்த்திகேசுவும் அவ்வூர்க்கு வந்து தங்கினர். அந்நாளில் வெளிநாட்டுச் சிற்றலை ஒலிபரப்பைக் கேட்பது பெருங்குற்றம். பிடிபட்டால் கெம்பித்தாய்ப் படையின் சித்திரவதைதான். ஆயினும் அவ்வீட்டில் வானொலிப் பெட்டி ஒன்று மறைவாக இயங்கியது. அதற்கு அவர்கள் இட்ட மறைபெயர் 'ஜோசபின்'. ஒரு பெண்பெயராகச் சொன்னால் பிறர் ஐயுறார் அன்றோ! மாடிப்படியின் அடியில் தோண்டிய குழியே அதன் இருப்பிடம். இலண்டன் செய்தியை அடக்கிய ஒலியிற் கேட்டு, நோயாளிகள் வாயிலாகவும் நம்பத்தக்கவர் வாயிலாகவும் ஊருக்கும் காட்டிலிருந்த கொரில்லாப் படையினருக்கும் அவ்வம்மையார் எட்டச் செய்தார். 1943-இல் கணவரும் மனைவியும் பிடிபட்டனர். அவர் பட்ட வதையைக் கூறும் அவரது நூல், அவர் 1948-இல் மறைந்தபின், 1954-இல் வெளிவந்தது. பிரிட்டிஷ் அரசு அவருக்கு ஜார்ஜ் பதக்கம் வழங்கியது. அவர் உடல் பின்னர் ஈப்போவிற்கே கொண்டுவரப்பெற்று அடக்கம் செய்யப்பட்டது.

இவ்வரலாற்றை வீரக்கதையாக மட்டும் படிப்பவர் அதிலுள்ள வானொலிப் பாடத்தைத் தவறவிடுவர். கேட்டவர் ஒரு சிலர், அறிந்தவரோ பலர். வானொலி சொல்லியதை மனிதர் மனிதர்க்குச் சொல்லினர். சொல்லும்போதே அது சரியா, பொய்யா, அடுத்து என்ன நேரும் என்று ஆராய்ந்தனர். இலண்டனிலிருந்து வந்த ஒலி பாப்பானில் ஊர்ப்பேச்சாக மாறியது. உரிமமும் இல்லை, ஒலிபரப்பியும் இல்லை. ஆயினும் சமூக வானொலி என்னும் சொல்லின் முழுப்பொருளுக்குப் பேராக்கில் அதைவிட நெருங்கிவந்த ஒன்றைக் காட்டுதல் அரிது.

அடுத்து வந்தது நேர்மாறானது. 1946 ஏப்ரல் முதல் நாள் மலாயா வானொலி சிங்கப்பூரில் தொடங்கியது. தமிழும் அதன் மொழிகளுள் ஒன்று. 1948 ஜூனில் பேராக்கின் சுங்கை சிப்புட் பகுதியில் வெள்ளைத் தோட்டத்துரைமார் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 வரை அது நீடித்தது. ஊரடங்கு வந்தது, இரவு நாடகமும் கூத்தும் ஒடுங்கின. இருட்டிய பிறகு தோட்டத்துக்கு வெளியே நடமாடுவதே ஐயத்துக்கு இடமாயிற்று. அந்த இரவுகளில் அரசாங்கம் புதுக்கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் பொதுக்கேட்புப் பெட்டிகளைக் கொடுத்தது. மின்சாரமில்லாத இடங்களில் மின்கலத்தில் அவை பாடின. மக்கள் கூடியிருந்து கேட்டனர். ஆங்கிலத்தில் இதற்கு இட்ட பெயரிலேயே 'சமூகம்' என்னும் சொல் இருந்தது. ஆனால் சமூகத்துக்குச் செவி மட்டுமே கொடுக்கப்பட்டது, வாய் கொடுக்கப்படவில்லை. யார் சரணடைந்தார், யாருக்கு என்ன வெகுமதி, எந்த ஊரில் அமைதி திரும்பிற்று என்பன ஒலித்தன. கூலி ஏன் குறைந்தது என்று கேட்பவனின் குரலுக்கு அப்பெட்டியில் வழியில்லை. பெட்டியைச் சுற்றி அமர்ந்தவர் தமக்குள் முணுமுணுத்துக்கொண்டிருப்பர். அம்முணுமுணுப்பே அன்றைய உண்மையான நிகழ்ச்சி, அது பதிவாகவில்லை.

எதிர்த்தரப்பின் வானொலி இதனினும் மேம்பட்டதா? 1969 நவம்பர் 15 முதல் 1981 ஜூன் 30 வரை 'மலாயாப் புரட்சியின் குரல்' என்னும் நிலையம் சீனாவின் ஹூனான் மாநிலத்திலிருந்து ஒலித்தது. மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சி நடத்தியது அது. அக்கட்சியின் தலைவர் சின் பெங், பேராக்கின் சித்தியவானில் பிறந்தவர். சீனம், மலாய், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழிலும் அஃது ஒலிபரப்பியது. தத்துவமும் அரசியலும் மாற்றுப் பண்பாடும் வேண்டும் என்பவர்க்கு இங்கே மூன்றும் இருந்தன. ஆனால் வினா இல்லை. விடைகள் யாவும் நெடுந்தொலைவில் முன்னரே எழுதப்பட்டுவிட்டன. தோட்டத்தொழிலாளியின் பெயரால் பேசிய அவ்வானொலிக்குத் தோட்டத்தொழிலாளி ஒரு கடிதம்கூட எழுத முடியாது, எழுதினால் சிறை. அரசின் பெட்டி சொன்னதை நம்பு என்றது. கட்சியின் சிற்றலையும் சொன்னதை நம்பு என்றது. கொள்கையில் வடக்கும் தெற்குமான இரண்டும் கேட்பவனை நடத்திய முறையில் ஒன்றாயிருந்தன.

ஈண்டு அலையின் இயல்பைப் பற்றி ஒரு சொல். பகலில் ஞாயிற்றின் கதிர்கள் வானத்தின் மேலடுக்கில் உண்டாக்கும் மின்துகட்படலத்துள் தாழ்ந்தது, மத்திய அலையை விழுங்கிவிடும். ஞாயிறு மறைந்ததும் அத்தாழ்ந்த படலம் கலைந்துபோகும். அலை அதற்கும் மேலுள்ள படலத்திற்பட்டு மீண்டு, கடல் தாண்டி விழும். இரவில் தொலைநாட்டு நிலையங்கள் கேட்பது இதனாலேயே. 1941 மே 3-இல் தொடங்கிய பி.பி.சி.யின் தமிழோசையும், 1963 ஆகஸ்டு முதல் நாள் தொடங்கிய பீக்கிங் வானொலித் தமிழ் ஒலிபரப்பும் தொலைவைக் கடந்து வந்தன. முன்னதன் சிற்றலை 2017 ஏப்ரல் இறுதியோடு நின்றது. இன்று நகரத்தார் கேட்கும் பண்பலையோ இரவாயினும் பகலாயினும் ஏறக்குறையக் கண்ணுக்கெட்டும் தொலைவோடு நின்றுவிடும். இதனைக் குறையென்று சிலர் வருந்துவர். குறையன்று. தொலைவிலிருந்து வரும் பேச்சைக் கேட்டே பழகிய மக்களுக்கு, தொலைவு செல்லாத அலைதான் பக்கத்து வீட்டாரின் குரலைக் கொண்டுவரும்.

அரசு வானொலியின் தமிழ்ப்பகுதி தமிழுக்குச் செய்த நன்மையை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. 1959 சனவரியில் மலாயா வானொலி கோலாலம்பூருக்கு மாறியபின், நாடகமும் சிறுகதையும் இசையும் அங்கே வளர்ந்தன. தோட்டப்பள்ளி ஆசிரியர் பலர் எழுதிய முதல் நாடகம் அச்சேறாமல் அலையேறியது. பிற்காலத்தில் மலேசியத் தமிழ் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற ரெ. கார்த்திகேசு, வானொலித்துறையில் பணியாற்றிய பின்னரே பல்கலைக்கழகப் பேராசிரியரானார். மின்னல் பண்பலை என்று பின்னர் பெயர் பெற்ற அந்நிலையம் இன்று இருபத்துநான்கு மணி நேரமும் ஒலிக்கிறது. தனியார் நிலையமும் உண்டு. இரவு முழுதும் தமிழ் கேட்கிறது என்பது சிறிய பேறன்று. ஆனால் என்ன தமிழ் கேட்கிறது? பெரும்பாலும் திரைப்பாட்டு, பாட்டுக்கிடையே வாழ்த்து, வாழ்த்துக்கிடையே விளம்பரம். திரைப்பாட்டின்மேல் வெறுப்புக் கொள்ள வேண்டுவதில்லை; நல்ல திரைப்பாட்டு இரவுக் காவலனுக்கு நல்ல துணை. ஆயினும் இருபத்துநான்கு மணியும் திறந்திருக்கும் ஒரு வீட்டில், ஒரு மணியாவது உட்கார்ந்து பேசுவதற்கு நாற்காலி இல்லையெனின், அதனை வீடென்பதா, வழியென்பதா?

மேடையிருக்க வானொலி எதற்கு எனலாம். ஈப்போவுக்கு மேடை வரலாறும் உண்டு. 1929 டிசம்பரில் பெரியார் மலாயா வந்தபோது ஈப்போவில் கூடிய தமிழர் மாநாட்டைத் தொடங்கி வைத்தார். 1953-இல் தோன்றிய மக்கள் முற்போக்குக் கட்சியின் சீனிவாசகம் உடன்பிறப்பினர் இந்நகரைத் தம் கோட்டையாக வைத்திருந்தனர். மேடைப்பேச்சு ஒரு நாட்பேச்சு, கைதட்டலுக்காக வளர்வது. ஐயம் கேட்பவனை மேடை விரும்பாது. இரவு வானொலியின் சிறப்பு கைதட்டல் இல்லாமை. பேசுபவர் முகம் தெரியாது; கேட்பவர் தொகையும் தெரியாது. அந்த இருட்டிலேதான் ஒருவர், தாம் இதுவரை நம்பியது தவறோ என்று வாய்விட்டுச் சொல்லத் துணிவார்.

எடுத்துக்காட்டாகத் திருக்குறளைக் கொள்ளலாம். வானொலிக் குறள்விளக்கம் பெரும்பாலும் சில மணித்துளிகளில் முடிவது. குறள், பொருள், வணக்கம். தமிழாசிரியர் பலர் இதனைச் செய்து பழகியவரே. ஆனால் வள்ளுவர் முப்பத்தெட்டாம் அதிகாரத்தில் ஊழைப் பாடி, அறுபத்திரண்டாம் அதிகாரத்தில் ஆள்வினையுடைமையைப் பாடினார். முன்னதில் ஊழை வெல்ல இயலாதென்பது போலவும், பின்னதில் முயற்சி ஊழையும் பின்னடையச் செய்யுமென்பது போலவும் கேட்கிறது. உரையாசிரியர் இதற்கு அமைதி கூறியுள்ளனர். அவ்வமைதி வகுப்பறைக்குப் போதும். தலைமுறை தலைமுறையாக உழைத்த தோட்டம் விற்கப்பட்டு, ஒரு மாத அறிவிப்பில் லயனைக் காலி செய்த கிழவர்க்குப் போதுமா? 'எல்லாம் தலையெழுத்து' என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். அது ஊழா, விற்றவன் போட்ட கணக்கா? அவர் மகன் விற்றவன் கணக்கு என்கிறான். மகள் அப்பா குடித்ததும் ஒரு கணக்கு என்கிறாள். இம்மூவரையும் ஒரு மணி நேரம் பேசவிட்டு, வள்ளுவத்தைப் படித்த ஆசிரியர் ஒருவர் இடையில் அமர்ந்து இரண்டு அதிகாரங்களையும் மாறிமாறி எடுத்து வைப்பாரானால், அது மெய்யியல் நிகழ்ச்சி. ஆலன் வாட்ஸ் பேசியதற்கு அஃது ஓர் இம்மியும் குறையாது. அரசியலும் அதனுள்ளே தானே வந்துவிடும். தனியாக அழைக்க வேண்டுவதில்லை.

மாற்றுப் பண்பாட்டுக்கும் மேனாட்டைப் பார்க்க வேண்டுவதில்லை. கோயில் ஊர்வலங்களில் உறுமிமேளம் அடிக்கும் இளைஞர் குழுக்களைப் பெரியவர் பலர் முகஞ்சுளித்தே பார்க்கின்றனர். யோகி பியும் நட்சத்திராவும் 2006-இல் 'வல்லவன்' என்னும் தொகுப்பைத் தமிழில் சொல்லிசையாகத் தந்தபோது, இது பாட்டா என்று கேட்டவர் உண்டு. சொல்லடுக்கும் எதுகையும் தாளமும் கொண்டு விரைந்து பாடும் முறை தமிழ் யாப்புக்குப் பகையன்று. வண்ணப்பாட்டைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இது விளங்கும். வானொலி இவர்களது இசையை ஒலிபரப்பும். ஏன் அடிக்கிறாய், எங்கே கற்றாய், யார் உன்னைத் தடுத்தார் என்று கேட்டு அமர்ந்து பேச வானொலிக்குப் பொழுதில்லை. உறுமியடிப்பவனும் அவனை வெறுக்கும் ஆலயக் குழுத்தலைவரும் ஒரே ஒலிவாங்கிமுன் இரவு இரண்டு மணிக்கு உட்கார்ந்தால் என்ன நிகழும் என்பது எவர்க்கும் தெரியாது. தெரியாமை கருதியே அந்நிகழ்ச்சி கேட்கத்தக்கது.

இனித் தமிழ் நடை. ஆசிரியர்கள் சிந்திக்கவேண்டிய இடம் இதுவே. செய்தித்தமிழுக்கு ஒரு போக்கு உண்டு: 'தோட்ட நிலங்கள் விற்பனை செய்யப்பட்டதன் விளைவாக வேலையிழப்புக்குள்ளான தொழிலாளர்களின் மறுகுடியமர்வு குறித்த பேச்சுவார்த்தை' என்று அது செல்லும். கண்ணால் படிப்பவன் திரும்பிப் பார்த்துப் பொருள் கொள்வான். செவியால் கேட்பவன், அதிலும் அரைத்தூக்கத்தில் கேட்பவன், 'பேச்சுவார்த்தை' வருவதற்குள் 'தோட்ட நிலங்கள்' என்பதை மறந்திருப்பான். அதே செய்தியைச் சிலிபினில் ஒரு மூதாட்டி இப்படிச் சொல்வாள்: 'தோட்டத்தை வித்துட்டாங்க. வேல போச்சு. வீடு வேலயோட வந்த வீடுதானே, அதுவும் போச்சு.' மூன்று வாக்கியம்; மூன்று இழப்பு; மூன்றாவதில் காரணமும் உண்டு. இது கொச்சை என்று தள்ளுவது எளிது. ஆனால் செய்தித்தமிழ் மறைத்த ஒன்றை இது வெளிக்காட்டுகிறது. 'வித்துட்டாங்க' என்பதில் விற்றவர் இருக்கிறார். 'விற்பனை செய்யப்பட்டது' என்பதில் அவர் ஒளிந்துகொண்டார்.

இதனால் இரவு வானொலி முழுதும் கொச்சையில் நடக்கவேண்டும் என்பதன்று. 'ஊழ்' என்ற சொல்லையும் 'மூலதனம்' என்ற சொல்லையும் அம்மூதாட்டி கேட்கத் தகுதியற்றவள் என எண்ணுவது அவளை இழிவுபடுத்துவதாகும். பாரதக்கதை சொன்னவர் செய்யுளையும் சொன்னார். உடனே பேச்சில் அவிழ்த்தும் காட்டினார். இரண்டுக்கும் இடையே போக்குவரவு இருந்தது. அப்போக்குவரவைக் கற்றவர் இன்று மேடையில் குறைந்து வருகின்றனர். வானொலியில் மிகமிகக் குறைவு. ஒன்று அடுக்குமொழி, அல்லது ஆங்கிலமும் மலாயும் விரவிய அரட்டை. இடைப்பட்ட தமிழ் எங்கோ போய்விட்டது. பள்ளியில் கட்டுரைப் பயிற்சிக்குக் கொடுக்கும் நேரத்தில் நான்கிலொரு பங்கை வாய்விட்டு விளக்கும் பயிற்சிக்குக் கொடுத்தால் அது மீளும்.

சட்டத்தின் நிலையையும் கருதவேண்டும். மலேசியாவின் 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு பல்லூடகச் சட்டம், உரிமம் வழங்கும் அதிகாரத்தை அமைச்சரிடம் வைத்தது. சமூக வானொலி என ஒரு தனி வகையை வகுக்கவில்லை. இந்தியாவில் 1995 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம், வான் அலைகள் பொதுமக்களின் சொத்து என்று தீர்ப்பளித்தது. 2004 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழகம் அந்நாட்டின் முதல் கல்விவளாகச் சமூக வானொலியைத் தொடங்கிற்று. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் உரிமை விரிந்தது: நூறு வாட்டு ஆற்றல், முப்பது மீட்டர் உயரக் கம்பம், நிகழ்ச்சியிற் பாதியேனும் உள்ளூராரது. பாம்பனில் மீனவர் 2016-இல் தொடங்கிய கடல் ஓசை அவ்வாறு வந்தது. கடலுக்குப் போகுமுன் காற்றும் அலையும் எவ்வாறிருக்கும் என்று மீனவர் தம் மொழியிலேயே கேட்கின்றனர். மீனவன் எழும் நேரமே நிலையம் எழும் நேரம். சிலிபின் கற்கவேண்டிய கடிகாரம் நியூயார்க்கிலன்று, பாம்பனில் உள்ளது.

எனினும் அவ்விந்திய விதிகளிலும் ஒரு முள் உண்டு. அரசியல் சார்ந்த செய்தியும் நடப்புச் செய்தியும் சமூக வானொலியில் கூடா. காற்றைப் பேசலாம், எல்லைதாண்டியதாக மீனவர் சிறைப்பட்டதை அரசியலாகப் பேசலாகாது. இலங்கையில் 1989-இல் எழுந்த கொத்மலை சமூக வானொலி, தேயிலைத் தோட்டத் தமிழரை அண்டிய பகுதியிலேயே இருந்தும், அரசு ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் குடையின்கீழ்தான் நின்றது. தத்துவத்தை அனுமதித்து அரசியலைத் தடுப்பது ஆள்வோர்க்கு எளிதாகத் தோன்றும். மேலே காட்டிய கிழவரின் வீட்டில் அவ்விரண்டையும் பிரிக்க எவராலும் இயலாது.

இணையம் வந்துவிட்டதே, உரிமம் எதற்கு என்பது இக்காலத்து மறுப்பு. ஓரளவு உண்மை. கைப்பேசியில் பேச்சைப் பதிந்து எவரும் வெளியிடலாம். மலேசியத் தமிழிளைஞர் வெளியிட்டும் வருகின்றனர். ஆனால் அதனை ஒவ்வொருவரும் ஒவ்வொரு வேளையில் தனித்துக் கேட்பர். ஒரே பொழுதில், ஒரே சொல்லை, தெருவின் இரு முனையிலும் இருவர் கேட்கிறார்கள் என்னும் உணர்வு அதில் இல்லை. பாரதம் கேட்டவனுக்கு அவ்வுணர்வு இருந்தது. பாப்பானில் செய்தி கேட்டவனுக்கும் இருந்தது. மறுநாள் கடைத்தெருவில் பேச்சு தொடர்ந்ததும் அதனாலேயே.

சிலிபினில் இன்று பால்மரம் வெட்டப் போவோரைத் தேடித்தான் காணவேண்டும். ஆனால் தோட்டத்தின் கடிகாரம் அழிந்துவிடவில்லை. வேறு சட்டை போட்டுக்கொண்டது. காவற்பணியாளர், லாரி ஓட்டுநர், மருத்துவமனைத் தாதி, ஆலையில் இரவு முறை பார்க்கும் பெண்கள், நான்கு மணிக்கு மாவாட்டும் இட்டலிக் கடைக்காரர் என்று விழித்திருப்போர் முன்னினும் மிகுதி. நள்ளிரவுக்கும் மூன்று மணிக்கும் இடையே பாட்டு இருக்கட்டும். மூன்றரை முதல் ஐந்தரை வரை பேச்சு. இரவு முறை முடிபவனும் காலை முறை தொடங்குபவனும் சந்திக்கும் பொழுது அது. ஒருவனுக்கு அலுப்பு, ஒருவனுக்கு அவசரம். இருவரும் ஒரு நிகழ்ச்சியில் பேசினால் ஒருவர்க்கொருவர் வியப்பாயிருப்பர்.

பணத்துக்கு என்ன வழி என்று கேட்கலாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் தம் கூலியிலிருந்து மாதந்தோறும் சிறுதொகை கட்டிப் பங்கு வாங்கினர். அப்பணத்தில் சங்கம் தோட்டங்களையே வாங்கியது. பெர்க்லியில் லூயி ஹில் திரட்டிய சந்தாவுக்கும் இதற்கும் பெயரில்தான் வேறுபாடு. நூறு வாட்டு ஒலிபரப்பிக்கு ஒரு தோட்டத்தின் விலை வேண்டாம். அதன் ஒரு நிரையின் விலை போதும். கம்பம் நடுவதற்கு ஒரு கோயில் வளாகமோ பள்ளி வளாகமோ இடம் தரலாம். விண்ணப்பம் எழுதத் தமிழாசிரியர் இருக்கின்றனர். அமைச்சகத்துக்கு அதனை மலாயில் எழுத வேண்டும். அம்மூதாட்டி சொன்ன மூன்று வாக்கியங்களையும் மொழிபெயர்த்து முதற்பக்கத்திலேயே சேர்க்கலாம்.